அறுபத்து மூன்று நீலத் துணிகளின் எடை

2005ஆம் ஆண்டு பங்குனியில் கடலூர் முதுநகரில் அறுபத்து மூன்று நீலத் துணிகள் அகப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு ஆளின் எடை இருந்தது. துறைமுகத்துக்குப் பின்னால், வெள்ளைக்காரக் கும்பினி காலத்துச் சரக்குக் கிட்டங்கியில் தையல் கூடம் நடத்திய பிரிசில்லா, உள்சுவர் இடிந்தபோது அவற்றைக் கண்டாள். மடித்தால் கக்கத்தில் அடங்குகிற துணி, மூட்டை தூக்கும் ஆண்டி கொண்டுவந்த தராசில் ஐம்பத்திரண்டு கிலோ காட்டியது. அடுத்தது அறுபத்தொன்று. தராசை மாற்றிப் பார்த்தார்கள், தராசுமேல் குற்றமில்லை.

கிட்டங்கிக்காரர் தில்லைநாதன் தரை இறங்குவதைப் பார்த்துப் பதறினார். வைகாசிக்குள் துணி வெளியே போக வேண்டும், இல்லையென்றால் தையல் கூடம் போக வேண்டும் என்றார். அந்தக் கூடத்தை நம்பி ஆறு பெண்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. பண்ருட்டி ஜவுளிக்காரர் ஒருவர் மொத்தமாக எடுக்க லாரியோடு வந்து எல்லாவற்றையும் ஏற்றினார். விலை பேச வாயெடுத்ததும் துணிகளின் எடை இரட்டித்து, லாரியின் பின்சக்கரம் மண்ணில் புதைந்தது. மனிதர் துணிகளை இறக்கிப் போட்டு ஒரு கும்பிடு வைத்துவிட்டுப் போனார்.

சிதம்பரத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்த நாத்தனார் மகள் வெண்மதி வந்து ஒரு துணியைத் தொட்டாள். கண் கலங்கிவிட்டது.

"இது மாதிரித் துணிதான் அத்த, இங்கேர்ந்து கப்பல் ஏறி லண்டன் போயி, ஆப்பிரிக்கா போச்சி. அங்க இதக் குடுத்து ஆளுங்கள வாங்குனாங்க. வாங்குனவங்களக் கரும்புக் காட்டுல போட்டு வதைச்சாங்க. அந்தச் சக்கர லாபமும் சேந்துதான் சீமையில மில்லு எழும்புச்சி. அந்த மில்லுத் துணி திரும்பி வந்து நம்ம தறியெல்லாம் நிறுத்திடுச்சி."

"அப்ப இதுங்க துணி இல்ல, ஆளுங்க," என்றாள் துணி வெட்டும் செல்லாயி. "வெல பேசுனா எப்பிடி அசையும்?"

அன்றே காசு வாங்காமல் சும்மா கொடுத்துப் பார்த்தார்கள். வாங்கியவர் கையில் அது வெறும் துணியாகிவிட்டது. தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை வரை ஜனம் வந்து வாங்கிப் போனது. ஆண்டிக்கு மட்டும் சும்மா வாங்க மனம் ஒப்பவில்லை; சம்பிரதாயத்துக்கு ஒரு ரூபாயைத் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டுத் துணியோடு சிதம்பரம் பஸ் ஏறினார். விஷயம் தெரியாமல் பிரிசில்லா அந்தக் காசை எடுத்து இடுப்பில் செருகிய நேரம், ஆலப்பாக்கம் தாண்டிய பஸ்ஸில் ஆண்டியின் மடி நசுங்கியது. சீட் முறிகிற சத்தம் கேட்டு வந்த கண்டக்டர் சிங்காரம், "ரெண்டு ஆளு கனம் கனக்குது, இன்னொரு டிக்கெட் எடு" என்றார். எழுந்திருக்க முடியாமல் அதே பஸ்ஸில் சிதம்பரம் போய்த் திரும்பிய ஆண்டி, முதுநகர் நிறுத்தத்தில் பிரிசில்லாவை வரவழைத்து ரூபாயைத் திரும்ப வாங்கிய பிறகுதான் ஒழுங்காக மூச்சு விட்டார்.

வைகாசி முடிய மூன்று நாள் இருக்கையில் ஒரே ஒரு துணி மிஞ்சியது. பத்தொன்பது கிலோ. அது எந்த வயதின் எடை என்று பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் தெரியும். ஒருவரும் கை நீட்டவில்லை. பிரிசில்லா அதை வீட்டுக்குத் தூக்கிப் போனாள். சும்மா எடுத்தும் எடை குறையவில்லை. சின்னது, போக வழி தெரியவில்லை போலிருக்கிறது. கூடம் பிழைத்தது, மெஷின்கள் ஓடின. பிரிசில்லா ஒவ்வொரு சித்திரையிலும் துணியை நிறுத்துப் பார்த்தாள். 2006இல் இருபத்தொன்று. அந்த வருஷம் ஊரெல்லாம் காய்ச்சல் கண்டபோது ஒரு கிலோ இளைத்தது. அவள் ராப்பகலாகப் பக்கத்திலேயே இருந்து தேற்றினாள். 2009இல் முப்பது. 2011 கடைசியில் அடித்த புயலில் கூரை பறந்தபோது துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மறு சித்திரையில் நாற்பத்து நான்கு.

அந்த ஆனியில் ஒருநாள் காலை, துணி வைத்த பெட்டியைத் துடைக்க வேண்டும் என்று வழக்கம்போல் மூச்சைப் பிடித்துத் துணியைத் தூக்கினாள். கை சட்டென்று தலைக்கு மேலே போய்விட்டது. வேலைக்குக் கூட்டிப்போக வந்த செல்லாயி வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"பெரியவளாயிட்டா, யக்கா. வழி தெரிஞ்சிகிச்சி, போயிட்டா."

பிரிசில்லா உட்கார்ந்து அழுதாள். ஏழு வருஷக் கவலை விட்ட அழுகை அது. அழுது முடித்துத் துணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். நல்ல வெயில், மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.