எஞ்சினுக்குப் புதுத்தண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்றில் ஜெகதாப்பட்டினத்து ஆத்மநாதனுக்கு எஞ்சின் வைத்த படகு கிடைத்ததும் அவன் பெண்டாட்டி ராக்காயி அந்த எஞ்சினுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். மாப்பிள்ளைக்கு நடக்கிற உபசாரம் அத்தனையும் அதற்கு நடந்தது. அது கோபித்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது. எஞ்சின் நின்றால் ஆத்மநாதன் பழையபடி மலையாண்டியின் வள்ளத்தில் துடுப்புப் போடப் போகவேண்டும். இனி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று கடைத்தெருவில் நின்று சொல்லிவிட்டு வந்தவன் அவன்.

படகை ஒப்படைக்க வந்த மெக்கானிக் சூசைராஜ் தண்ணீர் விஷயத்தைப் பொறுமையாகச் சொன்னார்.

“ரெண்டு தண்ணி. நல்ல தண்ணி தொட்டியிலேர்ந்து கெளம்பி, எஞ்சின் ஒடம்பைச் சுத்தி, சூட்டை வாங்கிக்கிட்டுத் திரும்பி வரும். கடல் தண்ணி வேற பம்பு வழியா வந்து, பித்தளைக் குழாய்க்குள்ள ஓடி, அந்தச் சூட்டை வாங்கிக்கிட்டுக் கடலுக்கே போயிரும். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாது.”

“சண்டை போட்ட சம்பந்தி மாதிரி,” என்றான் ஆத்மநாதன்.

“அப்படித்தான் வச்சுக்க. கடல் தண்ணியை நேரா உள்ள விட்டா எஞ்சினை அரிச்சுப்புடும். அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. தொட்டி மட்டும் எப்பவும் நெறஞ்சிருக்கணும்.”

தொட்டித் தண்ணீரை மாற்றாதே என்று அவர் சொல்லவில்லை. மாற்றுவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ராக்காயி வீட்டில் விடிந்ததும் முதல் வேலை, நேற்றுப் பிடித்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டுக் குடத்தைப் புளி போட்டு விளக்குவது. ஊரே வறண்டாலும் பழந்தண்ணீர் அவள் அடுப்புக்குப் போகாது. மனிதர்களுக்கே இப்படியென்றால் மாப்பிள்ளைக்கு?

தினமும் காலையில் ஆத்மநாதன் தொட்டிக்கு அடியிலிருந்த குழாயைத் திறந்து பழையதை வடித்தான். ராக்காயி ஊருக்கு மேற்கே மணலில் தோண்டிய ஊற்றில் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பி வந்து ஊற்றினாள். அந்த வருஷம் மழை இல்லை. வீட்டுக்குக் குடிக்கக் குறைந்தது, எஞ்சினுக்குக் குறையவில்லை.

ஆடி பிறந்ததும் எஞ்சின் அளவுக்கு மேல் சுட ஆரம்பித்தது.

“தண்ணி பத்தலையோ?” என்றாள் ராக்காயி.

“தொட்டி நெறஞ்சுதான் கெடக்கு.”

“அப்ப அதுக்குள்ள பழசாயிருக்கும். சாயங்காலமும் மாத்துங்க.”

மாற்றினார்கள். இன்னும் சுட்டது. அதற்குத் திருநீறு பூசப் போன ராக்காயிக்கு விரல் பொரிந்ததுதான் மிச்சம்.

ஒரு மத்தியானம் நடுக்கடலில் ஆவியைக் கக்கிவிட்டு நின்றது. மலையாண்டியின் வள்ளம்தான் பாயை விரித்துக்கொண்டு, எஞ்சின் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தது.

“என்ன மச்சான், மாப்பிள்ளைக்கு மயக்கமா?” என்றான் மலையாண்டி. “வீட்டுல சரியாக் கவனிக்கலையோ?”

கரையே சிரித்தது.

சூசைராஜ் வந்து எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெள்ளை வெளேரென்று அடைத்திருந்தது. திருப்புளியால் குத்தினார், ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அடியில் விரிசல்.

“இங்கிட்டு ஊத்துத் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. வெந்நிப் பானையில படியுற மாதிரி படிஞ்சிருக்கு. ஒரு தடவை ஊத்துனா கொஞ்சூண்டு படியும், அதோட சரி. இம்புட்டு எப்படி? எத்தனை தரம் மாத்துனீங்க?”

“தெனமுங்க,” என்றாள் ராக்காயி, பெருமை இன்னும் போகாத குரலில். “பெறகு ரெண்டு வேளை. ஒரு நாக்கூடத் தப்பலைங்க.”

சூசைராஜ் திருப்புளியைக் கீழே வைத்தார்.

“மாத்தவே வேணாம்த்தா. அதே தண்ணிதான் சுத்திச் சுத்தி வரணும். கொறைஞ்சா கொஞ்சம் ஊத்தணும், அம்புட்டுத்தான்.”

“சரி பண்ணிரலாம்லங்க?”

“ஹெட்டும் போச்சு, அதுக்கு அடியில இருக்கிற பிளாக்கும் போச்சு. சும்மா விட்டிருந்தாலே ஓடிக்கிட்டிருக்கும்.”

ராக்காயிக்கு அழுகை வரவில்லை. தான் சோம்பேறிப் பொம்பளையாகப் பிறந்திருந்தால் புருஷனின் பிழைப்பு நிலைத்திருக்கும் என்று தோன்றியது. ஊரில் அப்படி நாலு பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி அவள் பேசாத பேச்சில்லை.

சாயங்காலம் ஆத்மநாதன் மலையாண்டி வீட்டுக்குப் போனான். அவளும் பின்னாலேயே போய் வேலியோரம் நின்றாள். மலையாண்டி நக்கலாக ஏதாவது சொல்வான், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டுவிடலாம் என்று காத்திருந்தாள்.

மலையாண்டி சிரிக்கக்கூட இல்லை.

“விடியக்காலம் வந்துரு,” என்றான், கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையிலிருந்து தலையை எடுக்காமல்.

“சரிங்க,” என்றான் ஆத்மநாதன், நேற்றுவரை அவனை மச்சான் என்று கூப்பிட்டவன்.