கட்டில் மாறினால்

நோயாளிக்கு ஏதாவது மருந்து ஒவ்வாது என்றால் திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வரவேண்டும். ஆளை ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு மாற்றினால் அந்தச் சிவப்பு காணாமல் போனது. மருத்துவமனைகளுக்கு எங்கள் கம்பெனி செய்து விற்கிற மென்பொருளில் நான் கண்டுபிடித்த குறை இது. நான் டெஸ்டர். குறையைப் பதிய வேண்டும், புரோகிராம் எழுதியவர் சரிசெய்ததும் மறுபடி சோதித்து, சரியாகிவிட்டது என்று அந்தப் பதிவை மூட வேண்டும். பதிந்தவர்தான் மூடலாம் என்பது விதி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அவருக்கு இந்த வேலையைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"தப்பு கண்டுபிடிச்சா சம்பளமா? அப்படின்னா உங்கம்மாவுக்கு இந்நேரம் கம்பெனியையே எழுதிக் குடுத்திருக்கணுமே" என்றார்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

குறையைச் சரிசெய்ய வேண்டியவனைத் தாடி என்போம். அவன் மெஷினில் நன்றாகத்தான் வருகிறதாம். வராமல் என்ன? அவன் மெஷினில் யாரும் கட்டில் மாறுவதில்லை, படுத்த இடத்திலேயே குணமாகி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிக் காட்டினேன். சிவப்பு போனது. தாடி மூக்கைச் சொறிந்தான். அடியிலிருந்து பிரித்து எழுத வேண்டும், புதிய பதிப்பின் வெளியீட்டுக்குள் தலைகீழாக நின்றாலும் முடியாது என்று மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

பெரிய குறை எதுவும் திறந்திருந்தால் வெளியீடு நிற்கும். மேனேஜர் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"மூடிடும்மா. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"சரியாகாததை எப்படி மேடம் மூடறது?"

"நர்ஸுங்க என்ன, கண்ணை மூடிக்கிட்டா மருந்து குடுக்கறாங்க?"

"இந்தத் திரையைப் பாத்துத்தான் மேடம் குடுக்கறாங்க. இனிமே பேப்பரே வேண்டாம்னு நாமதானே சொல்லி வித்தோம்."

என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அதற்கு அவர் கையெழுத்து வேண்டும். அதை இருவருமே சொல்லவில்லை. மூடமாட்டேன் என்று எழுந்து வந்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் குறை மூடப்படவில்லை, வகை மாறியிருந்தது. 'குறை' என்றிருந்த இடத்தில் 'புதிய வசதிக்கான கோரிக்கை'. கட்டில் மாறிய பிறகும் எச்சரிக்கை தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று நான் ஆசைப்படுகிறேனாம். பிள்ளையைக் காணோம் என்று அழுதவளைப் பிள்ளைவரம் கேட்டாள் என்று எழுதிவைத்த கதை. மூடத்தான் என் கை வேண்டும், வகையை மாற்ற யார் கையும் போதும். கோரிக்கை திறந்து கிடந்தால் வெளியீடு நிற்காது.

நீதானே மாற்றினாய் என்று தாடியைப் பிடித்துக் கிழித்தேன். அவன் தலை நிமிரவில்லை.

"நான் மாத்தல. ஆனா மாத்தினதைப் பாத்ததும் நிம்மதியாத்தான் இருந்துச்சு."

வெளியீடு போனது. மேனேஜருக்கும் மேலே எழுதினேன். கோரிக்கைகளை அதற்கான குழு பார்க்கும் என்று பதில் வந்தது. குழு பார்த்தது. இந்த வசதியை எந்த மருத்துவமனையும் கேட்கவில்லையாம். எப்படிக் கேட்பார்கள்? வெறும் திரையைப் பார்க்கிற நர்ஸுக்கு அங்கே சிவப்பு இருந்திருக்க வேண்டும் என்று யார் சொல்வது? நிராகரித்துவிட்டார்கள்.

அந்த வாரமே என்னை நிரந்தரமாக்கினார்கள். அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்து, அப்படி என்ன பெரிய தப்பைக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிராகரித்த கோரிக்கையைச் சரிபார்த்து மூடச் சொல்லி என்னிடமே அனுப்பியிருந்தார்கள். சரிபார்க்க வேண்டியது இவ்வளவுதான்: நிராகரித்த காரணம் எழுதியிருக்கிறதா, கேட்டவருக்குத் தகவல் போனதா. காரணம் இருந்தது. தகவல் எனக்கு வந்திருந்தது. ஒரு குற்றம் சொல்ல முடியாது. மூடாமல் வைத்திருந்தாலும் இனி எதுவும் நிற்கப்போவதில்லை.

சோதனைத் திரையைத் திறந்து ஒரு நோயாளியை ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றிப் பார்த்தேன். சிவப்பு போனது. மறுபடி பழைய கட்டிலுக்கே கொண்டுவந்தேன். அப்போதும் வரவில்லை.

கோரிக்கைக்குத் திரும்பிவந்து, சரிபார்க்கப்பட்டது என்று குறித்து மூடினேன்.