மண்டி போர்டு எழுத்து

“அப்பாவுக்கு இன்னும் மூச்சு ஓடிக்கிட்டிருக்கு, அதுக்குள்ள கண்ணீர் அஞ்சலியாடா…”

“மெதுவா பேசுக்கா! நாளைக்கு முகூர்த்த நாளு, கல்யாண ஃப்ளெக்ஸா வந்து குவியும். இப்பச் சொல்லலன்னா மிஷினு கெடைக்காது…”

“சாவுற தேதிய மட்டும் காலியா விட்டிருக்க! எம்பேரு எங்கடா?”

ஃப்ளெக்ஸ் கடை ஸ்டீவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். அக்காள் ஜான்சியும் தம்பி வினோத்ராஜும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கத்த, திரையில் அவர்கள் அப்பா ஏசுதாசன் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் கைவிரித்த மனிதர். அவர் வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஜான்சியின் போனில் யாரோ அனுப்பிய இந்த ஃப்ளெக்ஸ் படம் வந்து விழுந்தது. கரண்டியைத் தம்பி மனைவி ஜெபஷீலாவிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்திருந்தாள்.

படத்துக்குக் கீழே அவர் பெயர் இங்கிலீஷில், தலையிலும் காலிலும் செங்கல் வைத்துக் கட்டினாற்போல் பட்டைபட்டையான தடித்த எழுத்தில். போடியில் அவருடைய ஏலக்காய் மண்டி போர்டில் இருக்கும் அதே எழுத்து. ஏதோ ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் பார்த்து ஆசைப்பட்டு எழுதவைத்தது. “செத்தாலும் எம்பேரு இப்படித்தான் இருக்கணும். பஸ்ஸுல போறவனும் படிக்கணும்” என்று படுக்கையில் கிடந்தும் சொன்னார்.

அந்த எழுத்து பாதி இடத்தைத் தின்றிருந்தது. மிச்சத்தில் குடும்பத்தார் பெயர்கள் எறும்பாக ஊர்ந்தன.

“சர்ச் வாசல் கம்பிச் சட்டத்துக்கு ஒரே அளவுதான்க்கா. எடம் பத்தல,” என்றான் வினோத்ராஜ்.

“ஒம் மச்சினன் மவனுக்கு இன்னும் பல்லு மொளைக்கல. அவம்பேருக்கு மட்டும் எடம் இருக்கோ?”

“அக்கா,” என்றான் ஸ்டீவன். “பெரிய பேர அமுக்குனா இன்னொரு வரி போடலாம். ஆனா பட்டை போயிரும். அப்பா கேட்ட எழுத்தா இருக்காது.”

வினோத்ராஜ் குரலைத் தாழ்த்தினான். “ஒம்பேரப் போட்டா ஒம் புருசன் பேரும் போடணும். ஜான்சி சுருளியாண்டின்னு சர்ச் வாசல்ல… சபையார் என்ன சொல்லுவாக?”

“எங் கல்யாணத்துக்கு எட்டிப் பாக்காத மனுசனுக்கு இந்த ஒரு மாசமா பீ மூத்திரம் அள்ளுனவ சுருளியாண்டி பொண்டாட்டிதான். அப்ப எங்கன போனாக ஒங்க சபையார்?”

போன் அடித்தது. வினோத்ராஜ் காதில் வைக்குமுன்பே ஜெபஷீலாவின் அழுகை கடை முழுக்கக் கேட்டது.

“மாமா போயிட்டாக… மதினி எங்க, மதினி எங்கன்னு எல்லாரும் கேக்குறாக…”

வினோத்ராஜ் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தான். காதுகுத்து ஃப்ளெக்ஸ் சொல்ல வந்தவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். ஜான்சிக்கு அழுகை வரவில்லை. கையைச் சேலையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

“நீயே சொல்லுக்கா,” என்றான் வினோத்ராஜ் தரையைப் பார்த்து. “எப்படி வேணுமோ அப்படிப் போட்டுக்கிருவோம்.”

அவள் திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

“எழுத்துல கை வைக்காத தம்பி,” என்றாள் ஸ்டீவனிடம். “அவுக கேட்டபடியே இருக்கட்டும். தேதியப் போட்டுரு.”

பிறகு வினோத்ராஜ் பக்கம் திரும்பினாள்.

“நாளைக்கு அடக்கத்துல நான் எங்கனடா நிக்கட்டும்?”