பத்து எண்ணி முடிப்பதற்குள்

"பிளக்கப் புடுங்கிட்டுப் பத்து எண்ணுங்கண்ணே. அப்புறம் சொருகுங்க."

ஒன்பது வருடங்களாக ஒரு நாளைக்கு இருபது முறையாவது ஜுசாரா இதைச் சொல்லியிருப்பாள். பெத்ரா லிசா என்ற சிற்றூரிலும் சுற்றியுள்ள பண்ணைகளிலுமாக ஆயிரத்து நானூறு வீடுகளுக்கு இணையம் கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. போன் எடுப்பது, கம்பத்தில் ஏறுவது, வீட்டில் ரவுட்டர் மாட்டுவது எல்லாமே அவளும் இன்னும் இரண்டு பேரும்தான். யார் என்ன குறை சொன்னாலும் முதல் மருந்து இதுதான். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதிலேயே குணமாகிவிடும்.

இந்த முறை கூப்பிட்டவர் ஜெனிவால். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவர் சத்தமாகவே எண்ணத் தொடங்கினார். நாலுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இதுவும் சரியாகலேன்னா வக்கீலுக்கு எப்படிம்மா கடுதாசி அனுப்புறது? எங்க வீட்டு ஃபோனு, கம்ப்யூட்டரு, எல்லாத்தையும் போலீஸ் அள்ளிட்டுப் போயிடுச்சு, ரவுட்டரு மட்டுந்தான் மிச்சம். இப்பப் பேசுறது, நெட் போட்டுப் பாக்குறது எல்லாமே பக்கத்து வீட்டு ஃபோனுதான்."

"போலீஸா? எதுக்குண்ணே?"

"பள்ளிக்கூடத்துல பூந்து பிள்ளைங்களச் சுடுவேன்னு எவனோ எழுதிப் போட்டானாம். அது எங்க வீட்டு இணையத்துலேருந்துதான் போச்சாம். அந்தப் பிள்ளைங்களத் தெனமும் ஏத்தி எறக்குறவன் நானு. நான் எழுதுவனா?"

ஜுசாராவுக்கு உடனே புரிந்துவிட்டது. பத்து நாளைக்கு முன்னால் நீதிமன்றத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அதில் ஒரு இணைய முகவரி எண் (ஐ.பி.), ஒரு தேதி, ஒரு நேரம். அந்த நேரத்தில் அந்த முகவரி எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்று கேட்டிருந்தார்கள். எதற்காக என்று இல்லை. பட்டியலைப் பார்த்து ஜெனிவாலின் பெயரை எழுதி அனுப்பியவள் அவள்தான். அனுப்பிவிட்டுக் காப்பி குடிக்கப் போனாள்.

"அண்ணே, பிளக்கப் புடுங்கிட்டீங்களா?"

"புடுங்கி, திரும்பச் சொருகியும் ஆச்சே! பச்ச லைட்டு வந்துடுச்சு. அட, பிச்சுக்கிட்டுப் போவுதும்மா. ஒரு மாசமா ஆமையாட்டம் கெடந்துச்சு. கைராசிக்காரி நீ."

அவர் சிரித்தார். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ரவுட்டரும் ஒரு குட்டிக் கணினிதான். அதற்கு இரண்டு வகை ஞாபகம் உண்டு. ஒன்று கல்வெட்டு மாதிரி: தொழிற்சாலையில் எழுதிய மூல நிரல், மின்சாரம் போனாலும் அழியாது, அதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். இன்னொன்று கரும்பலகை மாதிரி: அப்போதைக்கு நடப்பவையெல்லாம் அதில்தான் எழுதப்படும். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்ற குறிப்பும் அங்கேதான். பிளக்கைப் பிடுங்கிய அடுத்த நொடி பலகை துடைத்ததுபோல் ஆகிவிடும். வெளியிலிருந்து நுழைகிறவர்கள் பெரும்பாலும் கல்லில் கைவைப்பதில்லை. பலகையில் ஒரு மூலையில் தங்கள் நிரலை எழுதிவிட்டு, அந்த வீட்டு முகவரி வழியாக யார் யாரையோ போகவர விடுவார்கள். இப்படிப் பிடித்த முகவரிகளை ஊர்வாரியாகப் பிரித்து வாடகைக்கு விடும் சந்தையே இருக்கிறது. மிரட்டல் எழுதியவன் இந்த ஊர் முகவரியாகப் பார்த்து வாங்கியிருப்பான். அத்தனை போக்குவரத்தையும் சுமந்த இணைப்பு ஆமையாகத்தானே நகரும்? இப்போது பிய்த்துக்கொண்டு போகிறதென்றால் சற்று முன்புவரை உள்ளே ஒருவன் இருந்தான் என்று அர்த்தம். அவனுடைய தடம் அத்தனையும் அவள் சொல்லித்தான் அழிந்தது.

அவன் எப்படி நுழைந்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த வகை ரவுட்டரைத் திரையில் திறந்தால் வரும் எல்லாப் பக்கங்களும் கடவுச்சொல் கேட்கும், ஒன்றைத் தவிர. தொழிற்சாலையில் சோதனை செய்ய வைத்த பக்கம் அது, எடுக்க மறந்துவிட்டார்கள். சரியான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கேள்வி கேட்காமல் கடவுச்சொல்லையே எடுத்துக் காட்டிவிடும். இரண்டு வருடம் முன்பு ஒரு மதியம், பழுதான ரவுட்டர் ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தபோது அவள் அதைக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. தயாரித்தவர்களோ அந்த வகையைக் கைகழுவிவிட்டார்கள். புது ஃபர்ம்வேர் வராது.

வீட்டுக்குள் இருப்பவர் மட்டும் அந்தப் பக்கத்தைத் தொட முடிந்தால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் நிறுவனம் எல்லா ரவுட்டர்களையும் வெளியிலிருந்து திறக்கும்படி விட்டிருந்தது. பண்ணை வீட்டுக்கு நாற்பது கிலோமீட்டர் மண்சாலையில் மோட்டார்சைக்கிளில் போவதைவிட, அலுவலகத்தில் உட்கார்ந்தபடி சரிசெய்வது லாபம். அவர்களுக்குத் திறந்த கதவு உலகத்துக்கே திறந்திருந்தது. அந்தக் கதவை எப்படி மூடுவதென்று அப்போதே முதலாளி வால்டெமிரிடம் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். எல்லா ரவுட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் மூலக் கருவியின் சாவி அவரிடம்தான். "பாக்கலாம் டாக்டரம்மா" என்றார் கிண்டலாக. மழைக்காலம் வந்தது. கதவு திறந்திருப்பது அவளுக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. அவளும் மறுபடி கேட்கவில்லை.

அன்று மதியமே ஜெனிவால் வீட்டுக்குப் போனாள். வாசலில் வேன் நின்றது. பக்கவாட்டில் யாரோ சிவப்புப் பெயின்டில் 'கொலைகாரன்' என்று எழுதியிருந்தார்கள். அவருடைய மனைவி லுஸினெட் மண்ணெண்ணெய்த் துணியால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு பிள்ளைங்க வந்துச்சுங்க. இன்னைக்கு ரெண்டுதான்" என்றாள் லுஸினெட். "அதுல ஒண்ணு என் தங்கச்சி பிள்ள. நீ என்ன, ஒட்டுக் கேக்க வந்தியா?"

"இல்லக்கா. காப்பாத்தத்தான் வந்தேன்."

சமையலறை மேசையில் சோளமாவில் அவித்த கூஸ்கூஸ் ஆறிக்கொண்டிருந்தது. அதை ஓரமாக நகர்த்திவிட்டுத் தன் மடிக்கணினியில் ரவுட்டரைத் திறந்து பார்த்தாள். நினைத்தபடியே சுத்தமாக இருந்தது. இருந்தாலும் ஒரு வழி மிச்சமிருந்தது.

"கேளுங்கண்ணே. இந்த மாதிரி நிரல் ஓயாம உலகத்துல இருக்குற ஒவ்வொரு முகவரியா கதவு தட்டிக்கிட்டே வரும். மறுபடி உங்க வீட்டுக்கும் வரும். ரெண்டு நாள், மிஞ்சினா மூணு நாள். இந்த மடிக்கணினிய லைனுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல வெச்சுட்டுப் போறேன். யாரு வந்தாலும், எங்கேருந்து வந்தாலும் பதிவாகும். அதக் கொண்டுபோயிக் காட்டுவோம்."

"திருடன் வரட்டும்னு கதவத் தெறந்து வெச்சுட்டுக் காத்திருக்கணுமா?"

"ஆமாண்ணே."

"நல்ல வைத்தியம்" என்றார் ஜெனிவால். ஆனாலும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "எதையும் தொட மாட்டேன். லுஸினெட், கேட்டியா? அந்தப் பக்கம் துடப்பம்கூடப் போகக் கூடாது."

வால்டெமிரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மற்ற வீடுகளிலும் அதே ஆள் தங்கியிருப்பான். அந்த ரவுட்டர்களையும் பார்த்துப் படமெடுத்தால் சாட்சி பலமாகும். அதற்கு அனுமதி வேண்டும். சாயங்காலம் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். "வெள்ளிக்கிழம வரைக்கும் எதையும் தொட்டுடாதீங்க மொதலாளி" என்று இரண்டு முறை சொன்னாள். அவர் உம் கொட்டினார்.

மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்கு வந்தபோது எல்லா போன்களும் அலறிக்கொண்டிருந்தன. ஊர் முழுக்க இணையம் போய் வந்திருந்தது. வால்டெமிர் மூலக் கருவி முன்னால் தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

"முடிச்சுட்டேன்" என்றார். "வெளிக்கதவ மூடியாச்சு. ஆயிரத்து நானூறையும் அணைச்சுப் போட்டாச்சு. இனிமே ஒரு ஈ நுழையாது."

"தொடாதீங்கன்னு சொன்னேனே!"

"ஏன் கத்துற? நீ எழுதிக் குடுத்ததப் பாத்துத்தான் பண்ணினேன்." மேசை இழுப்பிலிருந்து அவளுடைய தாளை எடுத்துக் காட்டினார். கதவை மூடு, பிறகு எல்லாவற்றையும் அணைத்துப் போடு. உள்ளே ஒட்டியிருப்பது போய்விடும். அவள் கையெழுத்து. "ரெண்டு வருஷம் முன்னாடியே சொன்னியே. செஞ்சா அதுவும் குத்தமா?"

"மறுபடி தெறந்து விடுங்க. மூணே நாள்."

"நம்ம கம்பெனி வக்கீல் கூடாதுங்குறாரு. போலீஸ் இங்க வந்தா கதவு மூடியிருக்கணுமாம். ஜெனிவால் நல்லவன்தான். ஆனா நம்ம குடும்பங்களயும் சேத்துப் பன்னெண்டு பேரு இத நம்பித்தான் சாப்பிடுறாங்க, டாக்டரம்மா. நீயுந்தான்."

ஜெனிவால் வீட்டு மடிக்கணினியில் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். வெளியிலிருந்து ஒரு தட்டல்கூட வந்து சேரவில்லை. அவள் விரும்பிய காவல் அத்தனை கச்சிதமாக வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை ஜெனிவால் வேனிலேயே அவளைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். பின்சீட்டில் ரவுட்டர், மடியில் மடிக்கணினி. அதிகாரி மார்லூசி பொறுமையாகத்தான் கேட்டார். ஜுசாரா ரவுட்டரை மேசைமேல் வைத்து, கடவுச்சொல் இல்லாமலே அந்தப் பக்கத்தை அழைத்தாள். இரண்டு நிமிடம் ஆகவில்லை. கடவுச்சொல் திரையில் வந்து நின்றது. தட்டச்சு செய்துகொண்டிருந்த எழுத்தர்கூட எட்டிப் பார்த்தார்.

"கதவத் தெறக்க முடியும்னு காட்டிட்டீங்க" என்றார் மார்லூசி. "அன்னைக்கு யாராவது தெறந்தாங்களா?"

"தெறந்தாங்க மேடம். தடம் இருந்துச்சு. அழிஞ்சுபோச்சு."

"யாரு அழிச்சா?"

"மொதல்ல நான். அப்புறம் எங்க நிறுவனம்."

எழுத்தர் அதையும் தட்டச்சு செய்தார்.

"இவரு பேர எங்களுக்கு அனுப்புனதும் நீங்கதான். கையெழுத்து இருக்கு. சரி. இந்த மாதிரி தெறக்கத் தெரிஞ்சவங்க யாரு?"

"உலகத்துல எத்தனையோ ஆயிரம் பேரு."

"நான் பெத்ரா லிசாவக் கேக்குறேன்."

கதவுக்கு வெளியே பெஞ்சில் ஜெனிவால் தொப்பியை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் அந்தத் தாளில் மிஞ்சுவது ஜெனிவாலின் பெயர் மட்டும்தான்.

"எனக்குத் தெரிஞ்சு, நான் ஒருத்திதான் மேடம்."

மார்லூசி அவளை நிமிர்ந்து பார்த்தார். "மடிக்கணினி இங்க இருக்கட்டும். ஃபோனையும் வெச்சுட்டுப் போங்க. ஊர விட்டுப் போக வேணாம்."

அவள் வெளியே வந்தாள். ஜெனிவால் எழுந்து கூடவே படியிறங்கினார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"அப்போ எம்மேல உள்ள பழி நீங்கிடுமாம்மா?"

"முழுசா இல்லண்ணே. பாதியாவது நீங்கும்."

அவர் தலையாட்டினார். பள்ளிக்கூடம் விடும் நேரம். எதிர்ப்பக்க நடைபாதையில் தாய்மார்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். இரண்டு பேர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். வேனின் கதவைத் திறந்த ஜெனிவால் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"ஜுசாரா, தப்பா நெனச்சுக்காத. நடந்து போயிடுறியா? வண்டியில உன்னப் பாத்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"சரிண்ணே" என்றாள்.

அவர் ஏறிக்கொண்டார். வேன் நடைபாதை ஓரமாகப் போய், தாய்மார்கள் பார்க்கும்படி மெதுவாக நின்றது.