சமையலறைக்குக் கீழே

செப்டம்பர் பத்தாம் தேதி காலை, தொட்டித் தண்ணீரின் மேல் அந்தப் பருவத்தின் முதல் பனிக்கட்டி படிந்திருந்தது. அம்ப்ரோஸ் அதைக் கைமுட்டியால் உடைத்து முகம் கழுவிவிட்டு, கயிற்றைப் பார்க்கப் போனார்.

அவர் பார்த்துக்கொள்ளும் மலைக்குடிலுக்குக் கீழே, வடக்குப் பாறைச் சுவரில், அந்தக் கயிற்றில் ரெகுலா தொங்கிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் வருபவள். பாறையில் இரும்பு ஆணிகளை முடுக்கி, ஆணிக்கு ஆணி கேபிள் மாட்டி, ஆணியடியை உப்புத் தண்ணீரால் நனைத்து, கொஞ்சம் மின்சாரம் விடுவாள். ஐஸ் இருந்தால் அது மறிக்கும். தண்ணீர் இருந்தால் விட்டுவிடும். இந்த முறை மலையேறுவோர் சங்கம் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தது: குடிலைத் தாங்கும் பாறையை உள்ளே இருக்கும் ஐஸ் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறதா? ஆம் என்றால் அடுத்த கோடையிலும் குடில் திறக்கும். இல்லை என்றால் ஹெலிகாப்டர் வந்து கூரையைக் கழற்றும்.

"உப்புத் தண்ணி இன்னும் கொஞ்சம் இறக்கு, ஆணியெல்லாம் காஞ்சு கிடக்கு!" என்று கீழிருந்து கத்தினாள்.

"சூப்புக்கு வெச்சிருந்த உப்பு பூரா பாறைக்கே ஊட்டியாச்சு. மத்தியானம் சப்புன்னு இருந்தா என்னைத் திட்டாதே."

"உன் சூப்பு என்னிக்கு ருசியா இருந்துச்சு?"

அவர் சிரித்தார். சிரித்து வெகு நாளாகியிருந்தது. ஜூலையில் மேல் பாதையில் கல் சரிந்ததிலிருந்து விருந்தினர் யாரும் வரவில்லை. கீழே ஊரில், தீயணைப்பு நிலையத்துக்கு மேலே, அவருக்கு ஒரு வாடகை அறை உண்டு. ஒருமுறை கணுக்கால் முறிந்து அங்கே ஒரு மாதம் படுத்துக் கிடந்தார். கதவைத் தட்டியது ஒரே ஒரு பெண். அவளும் வேறு யார் வீடோ என்று நினைத்துத் தட்டியவள்.

மத்தியானம் ரெகுலா மேலே வந்து பெஞ்சில் கணினியை விரித்தாள்.

"மேற்குப் பக்கம் பூரா நீலம். ஜம்முன்னு உறைஞ்சிருக்கு."

"கிழக்கு?"

"அதுவும்தான்."

"அப்ப நடுவுல?"

"நடுவுலதான் புரியலை. ஒரு கோடு மாதிரி செவப்பா இறங்குது. வெயிலே படாத இடம், ஆனா உள்ள ஈரம். எங்கேர்ந்து தண்ணி வருதுன்னே தெரியலை."

"கேபிளைத் தப்பா மாட்டியிருப்ப."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன் அம்ப்ரோஸ்."

பார்லி சூப்பும் காய்ந்த ரொட்டியும் சாப்பிட்டார்கள். ரொட்டியை மடிக்கத்தியால் வெட்டி அவள் பக்கம் தள்ளினார். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரங்களைக் கழுவி, கழுவிய சுடுதண்ணீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்.

சமையலறைச் சுவரை ஒட்டிப் பாறையில் கையகலப் பிளவு ஒன்று. பாதையில் கொட்டினால் சாயங்காலத்துக்குள் உறைந்து யாராவது வழுக்கி விழுவார்கள். அதனால் எப்போதும் இதில்தான். அவருக்கு முன் குடிலைப் பார்த்துக்கொண்டவர் முதல் நாளே காட்டிக்கொடுத்த இடம். அம்ப்ரோஸ் ஊற்றினார். ஆவி எழுந்தது. தண்ணீர் இறங்கும் சத்தம் அடங்கும் வரை குனிந்து கேட்டார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும். அங்கே அவருக்குப் பதில் சொல்ல வேறு எதுவும் இல்லை.

நிமிர்ந்தபோது கதவருகே ரெகுலா நின்றிருந்தாள்.

"தினமுமா?"

"கூட்டம் இருந்தப்ப மூணு வேளையும்."

"சூடாவேவா?"

"ஆறவெச்சு ஊத்த இது என்ன கைக்குழந்தையா?"

அவள் சிரிக்கவில்லை. வந்து பிளவின் அருகே மண்டியிட்டு உள்ளே கைவிட்டாள். பிறகு எழுந்து, சுவரின் விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தாள். திரையில் சிவப்புக் கோடு தொடங்கும் இடம் எது என்று அம்ப்ரோஸுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்டாவைக் கீழே வைத்தார். அதிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மறுபடி எடுத்து, பிளவைவிட்டுத் தள்ளி, பாதையில் வைத்தார்.

"நான் பார்த்ததை எழுதித்தான் ஆகணும்," என்றாள்.

"எழுது."

"இது உன் தப்புன்னு எழுத மாட்டேன்."

"என்ன வேணா எழுதிக்கோ."

அவள் பெஞ்சுக்குத் திரும்பிக் கேபிளைச் சுருட்டத் தொடங்கினாள். அவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வளையம் வளையமாக அது அவளிடம் போய்ச் சேர்ந்தது. முழுவதும் போகுமுன் அவர் இறுக்கிப் பிடித்தார்.

"இனிமே அதுல ஒரு சொட்டுகூட விடலேன்னா, மறுபடி உறைஞ்சிடும் இல்லையா?"