சொல்லச் சொன்னது

“காலர் பட்டனைப் போடணுமா, திறந்தே இருக்கணுமான்னு அவர்கிட்ட கேளு” என்றாள் அம்மா.

மகள் கட்டில் பக்கம் திரும்பி “அப்பா” என்று வாயெடுத்துவிட்டாள். அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. அப்பா அன்று காலை ஆறு மணிக்கே மருத்துவமனையில் இறந்துபோயிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அம்மா சட்டையின் ஓரத்தை இழுத்துவிட்டாள். மகள் பட்டனைப் போட்டாள்.

பதினேழு வருஷப் பழக்கம், ஒரே நாளில் விட்டுப்போகுமா?

அப்பா பள்ளிக்கூடத்தில் இசை வாத்தியார். மாலையில் நாற்பது பேரைச் சேர்த்து ஒரு சேர்ந்திசைக் குழுவும் நடத்தினார். அதில் அம்மாவுக்குக் கீழ்க்குரல் வரிசை. ஓர் ஒத்திகையில் அவர் பாட்டை நிறுத்தி, “கீழ்க்குரல்ல ஒருத்தர் சுருதி விலகுறாங்க. யாருன்னு எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்” என்றார். எல்லாத் தலைகளும் அம்மா பக்கம் திரும்பின. அம்மா பாட்டு நோட்டை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் காலையில் அவரிடம் நேராகப் பேசாமல் மகளைக் கூப்பிட்டு, “காபி வேணுமான்னு அவர்கிட்ட கேளு” என்றாள். அன்றைக்கு மாட்டிக்கொண்டவள்தான். அப்போது அவளுக்கு இருபத்தோரு வயது.

முதல் வாரமே ஒன்று புரிந்துபோயிற்று. சொன்னதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தால் வீடு தாங்காது. முன்னறையில் அப்பா, “உப்பு தீர்ந்துபோச்சா, இல்ல உங்கம்மாவுக்கு மனசே தீர்ந்துபோச்சான்னு கேளு” என்பார். சமையலறையில் அது, “அம்மா, அப்பா கொஞ்சம் உப்பு கேக்கறார்” என்று ஆகும். அம்மா, “நாக்கு செத்துப்போனவருக்கு எதைப் போட்டு என்ன பண்றதாம்” என்பாள். அது திரும்பிப் போகும்போது, “டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காராம்ப்பா.” பகலெல்லாம் அவளுக்குக் குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, தண்ணீர் வரவில்லை என்று திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. மாலையில் வீடு வந்தால் மறுபடியும் அதே வேலை, சம்பளம் மட்டும் கிடையாது. கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வந்தது. இவர்களை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசித்ததிலேயே அதுவும் தள்ளிப்போய், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டது. அவள் களைத்துப்போயிருந்தாள். இன்று காலை மருத்துவமனையிலிருந்து ஃபோன் வந்தபோது அழுகைக்கு முன்னால், இனி உட்காரலாம் என்றுதான் தோன்றியது. அதற்காக இன்னும் கூசிக்கொண்டிருந்தாள்.

மதியம் குழுவினர் வந்தார்கள். அவர்களோடு வந்த, ‘தத்துவ வாத்தியார்’ என்று எல்லாரும் கூப்பிடும் பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்பாவோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர். நாலு பேர் இருந்தால் பாடம் எடுக்காமல் இருக்க முடியாது அவருக்கு.

“எல்லாரும் ஒரே சுரத்தைப் பாடினா அது சத்தம் ஜாஸ்தியாகுமே தவிர இசைவு ஆகாதுன்னு சொல்லுவார் நம்ம ஆளு. வேற வேற சுரம் தன் இடத்துல நிக்கணும், பக்கத்துல இருக்கறதக் கெடுக்காம நிக்கணும். நாமளும் ஒரு தெருவுல இப்படித்தான் வாழணும்பார். சும்மா சொல்லலை, வாழ்ந்து காட்டினார். இந்த வீட்டுல குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்ல.”

பக்கத்து வீட்டுக்காரி, “நாங்க சண்டை போடறப்பல்லாம் என் வீட்டுக்காரர் இவங்களத்தான் காட்டுவாரு” என்று கண்ணைத் துடைத்தாள். மகளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். மகளும் பின்னாலேயே போனாள்.

அம்மா குழாயைத் திறந்து, கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவினாள்.

“நேத்து ஆஸ்பத்திரியில என்ன சொன்னார்?”

“அதான் ஃபோன்ல சொன்னேனேம்மா. வெயில்ல நீ அலைய வேண்டாம், எப்படியும் ரெண்டு நாள்ல வீட்டுக்கு விட்டுடுவாங்கன்னு.”

“அது நீ சொன்னது. அவர் என்ன சொன்னார்?”

மகள் டம்ளர்களை எடுத்துக் கவிழ்த்தாள். அம்மா குழாயை மூடிவிட்டு, சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவிலிருந்த தடுப்பை விரலால் தட்டினாள்.

“இது என்ன, கோட்டைச் சுவரா? வெறும் பலகை. குழாயைத் திறந்துவிட்டா எங்களுக்குக் காது கேக்காதுன்னு நினைச்சிக்கிட்டியா? அவர் சொல்றது எனக்குக் கேக்கும், நான் சொல்றது அவருக்குக் கேக்கும். நீ நடுவுல வந்து வெல்லம் தடவிச் சொல்லுவ. அதையும் கேட்டுக்குவோம். பாவம், இவ்வளவு கஷ்டப்படறாளேன்னு.”

மகள் அந்தப் பலகையை ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

“அப்ப ஏம்மா நேரா பேசல?”

“ஆரம்பத்துல ரோஷம். அப்புறம்...” அம்மா துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். “அப்புறம் அதுதான் எங்க பேச்சுன்னு ஆகிப்போச்சு. என் கண் ஆபரேஷனுக்குப் போறப்ப ஞாபகம் இருக்கா? ‘அவர் ஒண்ணும் வந்து நிக்க வேண்டாம்’னு இங்கேர்ந்து சத்தமா சொன்னேன். நீ அவர்கிட்ட என்னவோ நல்லவிதமா சொன்ன. அவர் வந்தாரா இல்லையா?”

வந்திருந்தார். மருந்துக் கடை பக்கத்தில் மூன்று மணி நேரம் நின்றிருந்தார். தான் பக்குவமாகச் சொன்னதால்தான் வந்தார் என்று இத்தனை நாளும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரியில நடுவுல பலகை இல்ல” என்றாள் அம்மா. “எனக்கு ஒண்ணும் கேக்கல. அவர் சொன்னத அப்படியே சொல்லு.”

இப்போதுகூட ஒரு நல்ல வாக்கியம் மகளின் நாக்கில் தயாராக நின்றது. கடைசியா உன்னைத்தான் கேட்டார்மா என்று சொல்லிவிடலாம். சொன்னால் அம்மா அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளைத் தள்ளிவிடுவாள். ஆனால் அம்மா இமைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“‘அவ வரக் கூடாதுன்னு சொல்லு. வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருப்பா, பாக்கச் சகிக்காது’ன்னு சொன்னார்.”

அம்மா துணியை மடித்தாள். இன்னொரு தடவை மடித்தாள்.

“ரெண்டு தடவை சொன்னாரா?”

“மூணு தடவை.”

“மூணு தடவை” என்றாள் அம்மா. “நேத்து உன் ஃபோன் வந்தப்ப செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்லதான் நின்னுக்கிட்டிருந்தேன். நீ வெயில்னு சொன்ன. சரி, தெம்பாத்தான் இருக்கார்போலன்னு கழட்டிட்டேன். இதை இப்படியே சொல்லியிருந்தா வந்திருப்பேன்டி.”

அதட்டவில்லை, அழவுமில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு நின்றது என்று சொல்கிற குரல். பதினேழு வருஷத்தில் மகள் ஆயிரக்கணக்கான வாக்கியங்களை மாற்றியிருப்பாள். மாற்றாமல் போயிருக்க வேண்டியது அந்த ஒன்றுதான். “அம்மா” என்றாள். அம்மா அவள் தோளில் ஈரக் கையை ஒரு கணம் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. குழுவினரில் ஆறு பேர் அப்பாவைத் தூக்கினார்கள். யாரோ ஒருவர் மெல்லப் பாட ஆரம்பித்து, மற்றவர்கள் சேராததால் நிறுத்திக்கொண்டார். உடல் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் உட்காரும்படி ஓர் இருக்கை இருந்தது. மகள் பழக்கத்தில் தானே ஏறப் போனாள்.

“நீ பின்னாடி கார்ல வா” என்றாள் அம்மா.

“நீ தனியா எப்படிம்மா?”

“தனியா என்ன? அவர் இருக்காரில்ல.”

கம்பியைப் பிடித்து, முட்டி வலியோடு ஏறி உட்கார்ந்தாள். ஓட்டுநர் கதவைச் சாத்தினார்.

மகள் தத்துவ வாத்தியாரின் காரில் முன்னால் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது, கார் பின்னால் போனது. தெருமுனை சிக்னலில் இரண்டும் நின்றன. வண்டியின் பின்கண்ணாடி வழியாக அம்மாவின் பக்கவாட்டு முகம் தெரிந்தது. அவள் குனிந்திருந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. நிறுத்தாமல் அசைந்தது. நடுவில் கையை நீட்டி எதையோ மறுத்தாள், மறுபடி குனிந்தாள்.

“அம்மா ஏதோ சொல்றாங்களே, உன்னையா கூப்பிடறாங்க? இறங்கிப் போய்க் கேக்கறியாம்மா?” என்றார் வாத்தியார்.

“என்கிட்ட இல்ல சார்” என்றாள் அவள்.

பச்சை விளக்கு விழுந்தது. வண்டி முன்னால் போனது.