இரும்புக்கடைத் தராசு

தொண்ணூறுகளில் கிழக்குத் தாம்பரத்தில் பழைய இரும்பு வாங்கியவர்களில் ஹனீஃபா பிழைக்கத் தெரியாத மனுஷன். எடையில் கை வைக்க மாட்டார். "மறுமையில ஒரு தராசு கீதுப்பா. அங்க இன்னா பதில் சொல்றது?" என்பார். மற்ற கடைக்காரர்கள் சிரிப்பார்கள்.

அவர் மனைவி ஹஃபீசாவுக்குத் தீராத வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்த டாக்டர் அவள் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்துக் களைத்துப்போனார்.

"கொழுப்பு மறைக்குது, ஒண்ணும் தெரியலை. சி.டி. ஸ்கேன்தான் எடுக்கணும். ஆனா அந்த மேஜை நூத்திமுப்பது கிலோதான் தாங்கும்."

ஆஸ்பத்திரி எடை மிஷினில் ஏறினாள். முள் கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹஃபீசா துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கடையை அடைத்தபின் ஹனீஃபா அவளை இரும்பு நிறுக்கும் மேடையில் ஏற்றினார். நூற்று நாற்பத்தாறு.

"ஓட்டை உடைசலோட என்னியும் எடை போட்டுட்டீங்க" என்று சிரித்தவள், சிரித்தபடியே அழுதாள்.

அன்றோடு சோறு போயிற்று, கேழ்வரகுக் கூழ் வந்தது. வாராவாரம் எடை பார்த்தார்கள். முள் இறங்க இறங்க அவளுக்குக் குஷி. மேடவாக்கத்து நாத்தனார், "கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க மச்சி" என்று கன்னத்தைக் கிள்ளினாள். வலி மட்டும் விடவில்லை. பிறகு கூழும் இறங்கவில்லை. அதையும் நல்லதுக்கென்றே எடுத்துக்கொண்டார்கள், பாவிகள்.

மேஜை தாங்கியது. படம் பளிச்சென்று விழுந்தது. டாக்டர் ஹனீஃபாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"கட்டி, பாய். ஈரல்வரைக்கும் பரவிடுச்சு. எடை பட்டினியால மட்டும் குறையலை. முன்னாடியே பார்த்திருக்கணும்."

"முன்னாடி பாக்க முடியலேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

டாக்டர் படத்தை உறையில் போட்டார்.

குடல்புண் என்று அவளிடம் சொன்னார் ஹனீஃபா. "நல்லா சாப்புடச் சொன்னாரு. எடை ஏறிச்சுன்னா சரியாப்பூடும்."

அவளும் நம்பி, ரசஞ்சோற்றை நாலு வாய் விழுங்கிவிட்டு, வாராவாரம் கடைக்கு வந்தாள். முள் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. ஒருநாள் ஹனீஃபாவுக்குத் தாங்கவில்லை. அவள் பின்னால் நின்று, மேடையின் ஓரத்தில் ஒரு காலை வைத்து மெல்ல அழுத்தினார்.

"பாரு, ஏறிகீது" என்றார்.

ஹஃபீசா முள்ளைப் பார்க்கவில்லை. குனிந்து அவர் காலைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"காலை எடுங்க" என்றாள். "மறுமையில ஒரு தராசு கீதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

ஹனீஃபா காலை எடுக்கவில்லை.